டெராஃபார்ம் மாட்யூல்: எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது?

நொய்யல்கரை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் டெவ்ஆப்ஸ் (சர்வர்களை அமைத்து ஓட்டும்) வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். பெரிய ஆஸ்பத்திரிகள் தங்கள் டேட்டா தனி ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) அக்கவுன்டில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதனால் ஒரு விபிசி (தனி நெட்வொர்க்), மூன்று ஏஇசட்களில் (தனித்தனி டேட்டா சென்டர் பகுதிகள்) சப்நெட், கன்டெய்னர் ஓட்ட ஈசிஎஸ் ஃபார்கேட், டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரஸ் ஆர்டிஎஸ், ஃபைல் வைக்கச் சில எஸ்3 பக்கெட்டுகள் என்று ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது. எல்லாமே மும்பை ரீஜன். கட்டுவது டெராஃபார்மில், அதாவது வேண்டிய அமைப்பைக் கோடாக எழுதிக்கொடுத்தால் அதன்படி கிளவுடில் கட்டித்தரும் கருவியில்.

இதுவரை புது வாடிக்கையாளர் வந்தால் பழைய ஃபோல்டரைக் காப்பி எடுத்து, பெயரையும் சிஐடிஆரையும் (ஐபி முகவரி வரம்பு) மாற்றி, அப்ளை (கோடில் உள்ளதை நிஜமாகக் கட்டும் கட்டளை) கொடுத்துவிடுவார்கள். இப்போது எந்த இரண்டு ஃபோல்டரும் ஒத்துப்போவதில்லை. ஒன்றில் ஆர்டிஎஸ் பேக்கப் 7 நாள், அடுத்ததில் 30 நாள். ஒன்றில் டெலீஷன் ப்ரொடெக்ஷன் (தவறி அழிவதற்குத் தடை) இருக்கிறது, பக்கத்து ஃபோல்டரில் இல்லை. வேண்டுமென்று செய்ததா, விட்டுப்போனதா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டார்.

அவர் தொடங்கிவைத்த மாட்யூல் (திரும்பப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) ரெப்போ ஒன்றும் இருக்கிறது. எஸ்3 பக்கெட்டுக்கு ஒரு மாட்யூல், செக்யூரிட்டி குரூப்புக்கு (ஃபயர்வால் விதிகள்) ஒன்று, ஐஏஎம் ரோலுக்கு (அனுமதிகள்) ஒன்று என்று ரிசோர்ஸுக்கு ரிசோர்ஸ் தனித்தனி. நெட்வொர்க் மாட்யூலில் மட்டும் எழுபது வேரியபிள். நேரடியாக எழுதுவதே சுலபம் என்று டீமில் யாரும் அதைத் தொடுவதில்லை.

இதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இப்போது என்னிடம். ஒரு மாட்யூல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எல்லாம் ஒரே ரெப்போவிலா, தனித்தனியா, வெர்ஷனை எப்படிக் கட்டுப்படுத்துவது? ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொடக்ஷனை எதையும் அழிக்காமல் புது மாட்யூலுக்குள் கொண்டுவர வழி என்ன? கடைசிக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆஸ்பத்திரி பில்லிங் நின்றால் டிஸ்சார்ஜ் நிற்கும்.

---

ஓஎம்ஆர்வாசி:

ப்ரோ, சொந்தமா எழுத உட்காரதுக்கு முன்னாடி பப்ளிக் ரெஜிஸ்ட்ரியில (ரெடிமேட் மாட்யூல் கிடைக்கிற இடம்) இருக்கறதைப் பாருங்க. ஆன்டன் பாபென்கோ தொடங்கின டெராஃபார்ம்-ஏடபிள்யூஎஸ்-மாட்யூல்ஸ்ல விபிசி, ஆர்டிஎஸ், ஈசிஎஸ் எல்லாமே இருக்கு. வருஷக்கணக்கா பல கம்பெனிங்க ஓட்டிப் பார்த்தது. நாங்க விபிசிக்கு அதைத்தான் வச்சிருக்கோம், ஒரு குறையும் இல்ல. வெர்ஷனை மட்டும் கட்டாயமா பின் பண்ணிடுங்க, அதாவது ஒரே எண்ணுல நிறுத்திடுங்க.

---

பொருநை:

ஓஎம்ஆர்வாசி சொன்னதில் எனக்கும் உடன்பாடு உண்டு, ஒரு எச்சரிக்கையோடு. அந்த விபிசி மாட்யூலில் 200க்கும் மேல் வேரியபிள் இருக்கிறது. உலகத்தில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டிய மாட்யூல் அப்படித்தான் இருந்தாக வேண்டும். உங்கள் சின்ன டீமுக்கு உள்ளே எழுதும் மாட்யூல் அப்படி இருக்கத் தேவையில்லை. அதை உங்கள் மாட்யூலுக்குள் கூப்பிட்டுக்கொள்ளலாம், வாடிக்கையாளர் ஃபோல்டரில் நேராகப் போடாதீர்கள்.

தம்பி, முதல் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன். வெர்ஷன், இடமாற்றம் இரண்டும் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

மாட்யூலுக்குள் போக வேண்டியது உங்கள் டீம் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகள். பேக்கப் 30 நாள், டெலீஷன் ப்ரொடெக்ஷன் எப்போதும் உண்டு, டேட்டாபேஸ் பிரைவேட் சப்நெட்டில் மட்டும், என்க்ரிப்ஷன் இந்தக் கேஎம்எஸ் சாவியில். இந்த முடிவுகளைச் சுமக்காத மாட்யூல் வெறும் கூடுதல் ஃபைல்தான். டெராஃபார்மைச் செய்யும் ஹாஷிகார்ப்பின் ஆவணமே ஒற்றை ரிசோர்ஸைச் சுற்றி மெல்லிய உறை போடும் மாட்யூல் வேண்டாம் என்கிறது. உள்ளே இருக்கும் முக்கிய ரிசோர்ஸின் பெயரைத் தவிர மாட்யூலுக்கு வேறு பெயர் தோன்றவில்லையென்றால் அதைப் புதிதாக எழுதும் அவசியமே இல்லை என்பதற்கு அது அறிகுறி என்றும் அங்கேயே இருக்கிறது. உங்கள் எஸ்3, செக்யூரிட்டி குரூப், ஐஏஎம் ரோல் மூன்றும் இதில் மாட்டும்.

எஸ்3 மாட்யூலைப் பற்றி இன்னும் கொஞ்சம். பலர் அதை எழுதியதே என்க்ரிப்ஷனையும் பப்ளிக் ஆக்சஸ் தடையையும் யாரும் மறந்துவிடக்கூடாது என்றுதான். 2023 ஜனவரியிலிருந்து எஸ்3-இல் புதிதாகச் சேரும் ஆப்ஜெக்ட் எல்லாம் தானாகவே என்க்ரிப்ட் ஆகிறது. அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து புது பக்கெட்டுகளுக்குப் பப்ளிக் ஆக்சஸ் தடையும் இயல்பாகவே வந்துவிடுகிறது, ஏசிஎல்லும் (பழைய அனுமதிப் பட்டியல் முறை) அணைந்திருக்கிறது. அந்த மாட்யூல் பிறந்த காரணமே போய்விட்டது. ஆனால் ‘நோயாளி ஆவணக் கிடங்கு’ என்று ஒரு மாட்யூல் எழுதுங்கள்: பக்கெட், வெர்ஷனிங், எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற லைஃப்சைக்கிள் விதி, யார் படிக்கலாம் என்ற பாலிசி, லாக் (யார் தொட்டார்கள் என்ற பதிவு) எங்கே போக வேண்டும் என்பது. ஆறேழு ரிசோர்ஸ், வேரியபிள் இரண்டே இரண்டு. இது எழுதத் தகும்.

எங்கே வெட்டுவது என்பதற்கு நான் பார்ப்பது, எவை சேர்ந்து மாறுகின்றன என்பதைத்தான். நெட்வொர்க் ஆண்டுக்கு ஒரு தடவை மாறினால் அதிகம். டேட்டாபேஸ் எப்போதாவது. ஈசிஎஸ் சர்வீஸ் வாரத்துக்குப் பல தடவை. இந்த மூன்றையும் ‘வாடிக்கையாளர்’ என்று ஒரே மாட்யூலில் போட்டுவிட்டால், ஈசிஎஸ்ஸுக்காக மாட்யூல் வெர்ஷனை உயர்த்துகிற ஒவ்வொரு தடவையும் விபிசி, ஆர்டிஎஸ் கோடும் சேர்ந்தே மாறும். மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றுக்குள் ஒன்றை அடுக்காதீர்கள். ரூட்டிலிருந்து (டெராஃபார்மை ஓட்டும் வாடிக்கையாளர் ஃபோல்டர்) பக்கம் பக்கமாகக் கூப்பிட்டு, நெட்வொர்க் மாட்யூல் தரும் சப்நெட் ஐடிகளை டேட்டாபேஸ் மாட்யூலுக்கு வேரியபிளாகக் கொடுங்கள். டேட்டாபேஸ் மாட்யூல் தானே போய் விபிசியைத் தேடக்கூடாது. நாளை ஒரு ஆஸ்பத்திரி ‘எங்கள் விபிசியிலேயே வையுங்கள்’ என்று கேட்டால், ஐடியை மாற்றிக் கொடுத்தால் போதும்.

எழுபது வேரியபிளுக்கு வருவோம். ஒவ்வொன்றாக எடுத்து எல்லா ஃபோல்டரிலும் என்ன மதிப்பு என்று பாருங்கள். எங்கும் ஒரே மதிப்பா, அது வேரியபிளே இல்லை, லோக்கல் (மாட்யூலுக்குள்ளேயே நிலையான மதிப்பு) ஆக்கிவிடுங்கள். மதிப்பு வேறுபடுகிறது, ஆனால் காரணம் யாருக்கும் தெரியவில்லையா, டீமில் வைத்துப் பேசி முடிவெடுத்து அதையும் லோக்கல் ஆக்குங்கள். காரணத்தோடு வேறுபடுவது மட்டும் வேரியபிளாக மிஞ்சட்டும். உங்கள் அமைப்புக்கு நெட்வொர்க்கில் என் கணக்கில் மிஞ்சுவது நான்கு: பெயர், விபிசியின் சிஐடிஆர், ஏஇசட் பட்டியல், நாட் கேட்வே (பிரைவேட் சப்நெட்டிலிருந்து இணையத்துக்குப் போகும் வழி) ஒன்று போதுமா அல்லது ஏஇசட்டுக்கு ஒன்றா.

சப்நெட் சிஐடிஆரை வேரியபிளாகக் கேட்கவே வேண்டாம். சிஐடிஆர்சப்நெட் ஃபங்ஷன் இருக்கிறது. 10.20.0.0/16 கொடுத்து 4 பிட் கூட்டினால் /20 துண்டுகள் வரும், துண்டுக்கு 4096 முகவரி, ஏடபிள்யூஎஸ் தனக்கென 5 எடுத்துக்கொள்ளும். பிரைவேட் சப்நெட்டுக்கு /24 வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அதில் மிஞ்சுவது 251 தான். ஃபார்கேட்டில் ஒவ்வொரு டாஸ்க்கும் தனக்கென ஒரு ஐபி எடுக்கும். டிப்ளாய் நடக்கும்போது பழைய டாஸ்க்கும் புது டாஸ்க்கும் ஒரே நேரத்தில் நிற்கும். அதையும் கணக்கில் வைத்து மாட்யூலுக்குள் /20 என்று முடித்துவிட்டால் அடுத்து வருகிறவர் யோசிக்க வேண்டியதில்லை.

நாட் கேட்வே மட்டும் வெளியே இருக்க வேண்டும், ஏனென்றால் அது பணம். வர்ஜீனியா விலையிலேயே மணிக்கு 0.045 டாலர், மூன்று வைத்தால் மாதம் 100 டாலரை ஒட்டி வரும், அதில் போகும் டேட்டாவுக்குத் தனி. மும்பையில் இதைவிடக் கூடுதல். டெமோ அக்கவுன்டுக்கு ஒன்று போதும். நேரலை ஆஸ்பத்திரிக்கு ஏஇசட்டுக்கு ஒன்று வேண்டும்.

ஆர்டிஎஸ்ஸில் ஒன்றைக் கவனியுங்கள். லைஃப்சைக்கிளில் வரும், ரிசோர்ஸை அழிக்கவிடாமல் தடுக்கும் ப்ரிவென்ட்-டெஸ்ட்ராயை டெராஃபார்மில் வேரியபிள் கொண்டு மாற்ற முடியாது, ட்ரூ என்று நேரடியாகத்தான் எழுத வேண்டும். டெமோவை அழிக்க முடியாமல் போய்விடும் என்று பயந்து பலர் அதை எழுதாமலேயே விட்டுவிடுகிறார்கள். டெலீஷன் ப்ரொடெக்ஷன் ஆர்டிஎஸ்ஸின் சொந்த அமைப்பு, அதை வேரியபிளாக வைக்கலாம். இயல்பு மதிப்பு ட்ரூ, டெமோ மட்டும் வாய்விட்டு ஃபால்ஸ் கேட்கட்டும்.

வெர்ஷன்: உங்கள் அளவுக்கு ஒரே ரெப்போ போதும். சோர்ஸில் கிட் முகவரி, இரட்டைச் சாய்கோடு போட்டு ஃபோல்டர், கடைசியில் ரெஃப் என்று டேக். வெர்ஷன் என்ற ஆர்கியுமென்ட் ரெஜிஸ்ட்ரி மாட்யூலுக்கு மட்டும்தான், கிட் சோர்ஸுக்குச் செல்லாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: டெராஃபார்மின் லாக் ஃபைல் ப்ரொவைடர் (ஏடபிள்யூஎஸ் போன்ற கிளவுடோடு பேசும் செருகுநிரல்) வெர்ஷனை மட்டுமே பூட்டுகிறது, மாட்யூலைப் பூட்டாது. ரெஃப்பில் மெயின் பிராஞ்சைக் கொடுத்துவிட்டால், திங்கட்கிழமை இனிட் (மாட்யூலை இறக்கிக்கொள்ளும் கட்டளை) செய்தவருக்கும் வியாழக்கிழமை இனிட் செய்தவருக்கும் வேறு வேறு கோட் வரலாம்.

எது மேஜர் மாற்றம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் வரையறை: புதிதாகக் கட்டாய வேரியபிள் வந்தால், அவுட்புட் ஒன்று போனால், அல்லது பழைய வெர்ஷனிலிருந்து தாவும்போது பிளானில் (அப்ளைக்கு முன் என்ன மாறும் என்று காட்டும் பட்டியல்) ஒரு ரிசோர்ஸாவது அழிந்து பிறந்தால் அது மேஜர். கோடில் ஒரே வரிதான் மாறியிருந்தாலும் சரி.

மாட்யூலுக்குள் ஏடபிள்யூஎஸ் ப்ரொவைடருக்குக் கீழ் எல்லை மட்டும் வையுங்கள், மேல் எல்லையை ரூட் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு ரூட்டில் ஒரு ப்ரொவைடருக்கு ஒரே வெர்ஷன்தான். இரண்டு மாட்யூல் இரண்டு வெர்ஷனை இறுக்கிப் பிடித்தால் இனிட்டே ஓடாது. 2022 பிப்ரவரியில் வந்த ஏடபிள்யூஎஸ் ப்ரொவைடர் 4.0 எஸ்3 பக்கெட் ரிசோர்ஸைப் பல துண்டாகப் பிரித்தது நினைவிருக்கும். அப்போது ஒரு மாட்யூல் மூன்றாம் வெர்ஷனிலேயே பூட்டிக்கிடந்தால் போதும், அதைக் கூப்பிடும் ரூட் எதுவும் நகர முடியாது.

---

நொய்யல்கரை:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. வேரியபிள்களை வடிகட்டத் தொடங்கிவிட்டேன், பாதிக்கு மேல் எங்கும் ஒரே மதிப்புதான்.

இடமாற்றம் பற்றி. பழைய கோடில் பிரைவேட் சப்நெட்டுகள் கவுன்ட் (எண்ணிக்கை வைத்துப் பல பிரதி எடுப்பது) போட்டு, ஏஇசட் பட்டியலிலிருந்து உருவாகியிருக்கின்றன. புது மாட்யூலில் ஃபார்-ஈச் (பெயர்ச் சாவி வைத்துப் பல பிரதி எடுப்பது). டெமோ அக்கவுன்டில் பிளான் ஓட்டிப் பார்த்தேன். மூன்று சப்நெட்டையும் அழித்து மூன்றை உருவாக்கப் போவதாகச் சொல்கிறது, ரூட் டேபிள் (நெட்வொர்க்கின் வழி அட்டவணை) இணைப்புகளும் அப்படியே. அப்ளை கொடுக்கவில்லை. கவுன்டையே வைத்துக்கொள்ளட்டுமா?

---

பொருநை:

வைத்துக்கொள்ளாதீர்கள். கவுன்ட் சப்நெட்டுகளை 0, 1, 2 என்று எண்ணால்தான் அடையாளம் வைக்கிறது. பட்டியலிலிருந்து 1ஏ என்ற ஏஇசட்டை நீக்கினால் 1பி-க்கு 0 என்ற இடம், 1சி-க்கு 1 என்ற இடம். சப்நெட்டின் ஏஇசட்டை மாற்ற முடியாது, எனவே இரண்டையும் அழித்துக் கட்டப் பார்க்கும். ஆர்டிஎஸ்ஸின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் உள்ளே இருப்பதால் சப்நெட் அழியாது, நிமிடக்கணக்கில் காத்துக்கிடந்து டிபென்டன்சி வயலேஷன் என்று பாதியில் நிற்கும். பாதி அழிந்து பாதி நிற்கும் நெட்வொர்க்கை இரவில் சரிசெய்வது கொடுமை. ஃபார்-ஈச்சில் ஏஇசட் பெயரே சாவி. ஒன்று போனால் ஒன்றுதான் போகும்.

நீங்கள் பார்த்த பிளான் சரிதான். ஸ்டேட்டில் (எதையெல்லாம் கட்டியிருக்கிறது என்று டெராஃபார்ம் வைக்கும் பதிவு) பழைய முகவரி ஒன்று, கோடில் புது முகவரி ஒன்று. இரண்டும் ஒரே சப்நெட் என்பது டெராஃபார்முக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் டெராஃபார்ம் 1.1-இல் மூவ்ட் பிளாக் வந்தது. ஃப்ரம் என்பதில் பிரைவேட் சப்நெட் 0, டு என்பதில் நெட்வொர்க் மாட்யூலுக்குள் இருக்கும் பிரைவேட் சப்நெட், சாவி ஏபி-சவுத்-1ஏ. மூன்று சப்நெட்டுக்கு மூன்று, ரூட் டேபிள் இணைப்புகளுக்கு மூன்று. எழுதி முடித்துப் பிளான் ஓட்டினால் ஆட், சேஞ்ச், டெஸ்ட்ராய் மூன்றும் 0 என்று வர வேண்டும், இடம் மாறியவை மட்டும் தனியாகத் தெரியும். டெஸ்ட்ராயில் 1 என்று இருந்தால்கூட நிறுத்திவிட்டு எது என்று தேடுங்கள். முதல் வாடிக்கையாளரை நகர்த்தும்போது டேக்கைக்கூட மாற்றாதீர்கள். இடமாற்றம் ஒரு அப்ளை, சீர்திருத்தம் அடுத்த அப்ளை. சேர்த்துச் செய்தால் பிளானில் எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மூவ்ட் ஒரே ஸ்டேட்டுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். நெட்வொர்க்கைத் தனி ஸ்டேட்டாகப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் வழி வேறு. பழைய பக்கம், ஸ்டேட்டிலிருந்து எடுக்கச் சொல்லும் ரிமூவ்ட் பிளாக், அதில் டெஸ்ட்ராய் ஃபால்ஸ் (1.7 வேண்டும்). புது பக்கம், ஏற்கெனவே இருப்பதை ஸ்டேட்டில் சேர்க்கும் இம்போர்ட் பிளாக் (1.5 வேண்டும்), ரூட்டில் எழுத வேண்டும். இம்போர்ட்டுக்கு ஃபார்-ஈச் 1.7-இல் வந்துவிட்டது, சப்நெட்டுக்கு ஒன்றாக எழுதத் தேவையில்லை. சப்நெட்டுக்கு அதன் ஐடி போதும். ரூட் டேபிள் இணைப்புக்கு அதன் சொந்த ஐடியைக் கொடுத்தால் ஏற்காது, சப்நெட் ஐடி, சாய்கோடு, ரூட் டேபிள் ஐடி என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். தொடங்கும் முன் ஸ்டேட் புல் செய்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். வேலை முடியும்வரை சிஐ பைப்லைனை (தானாக அப்ளை ஓட்டும் அமைப்பு) நிறுத்தி வையுங்கள், நடுவில் வேறு யாரும் அப்ளை கொடுக்கக்கூடாது.

---

தேன்சிட்டு:

பொருநை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்டேட்டைப் பிரித்தவுடன் நெட்வொர்க்கின் சப்நெட் ஐடியை ஆப் ஸ்டேட் எப்படிப் படிப்பது என்ற கேள்வி வரும். ரிமோட் ஸ்டேட் டேட்டா சோர்ஸைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். ஒரு அவுட்புட்டைப் படிக்க அனுமதி கொடுத்தாலும், முழு ஸ்டேட் ஃபைலையும் படிக்கும் அனுமதி கொடுத்ததாகிவிடும். ஸ்டேட்டில் கடவுச்சொல் வெளிப்படையாகக் கிடக்கலாம். நோயாளி டேட்டா சம்பந்தப்பட்ட இடம் என்பதால் சொல்கிறேன். நெட்வொர்க் ஸ்டேட் தன் ஐடிகளை ஏடபிள்யூஎஸ்ஸின் எஸ்எஸ்எம் பாராமீட்டர் ஸ்டோரில் (சிறு மதிப்புகளை வைக்கும் இடம்) எழுதட்டும், ஆப் அங்கிருந்து படிக்கட்டும்.

மாட்யூலுக்கு டெஸ்டும் எழுதுங்கள். 1.6-இலிருந்து டெராஃபார்மிலேயே டெஸ்ட் கமாண்ட் இருக்கிறது, கோ மொழி கற்க வேண்டியதில்லை. ‘டெலீஷன் ப்ரொடெக்ஷன் இயல்பாக ட்ரூவா’, ‘பேக்கப் 30 நாளா’ என்று பிளான் அளவில் சோதித்தால் ரிசோர்ஸ் எதையும் உருவாக்காமலே முடிந்துவிடும். புல் ரிக்வெஸ்டில் யாராவது 30-ஐ 7 ஆக்கினால் அங்கேயே பிடிபடும்.

---

நொய்யல்கரை:

தேன்சிட்டு, பாராமீட்டர் ஸ்டோர் யோசனை எங்கள் செக்யூரிட்டி ஆளுக்கும் பிடித்திருக்கிறது. டெமோ அக்கவுன்டில் மூவ்ட் பிளாக் எழுதிப் பிளான் ஓட்டினேன், மூன்றும் 0.

இன்னும் ஒன்று மட்டும் அக்கா. வாடிக்கையாளர் எல்லோரையும் ஒரே மேப்பில் போட்டு, ஃபார்-ஈச் வைத்து மாட்யூலைச் சுற்றிவிட்டால் ஃபோல்டரே வேண்டாமே என்று எங்கள் லீட் கேட்கிறார். புது ஆஸ்பத்திரி என்றால் மேப்பில் ஒரு வரி.

---

பொருநை:

லீட் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்கள் அமைப்புக்குப் பொருந்தாது. வாடிக்கையாளருக்கு ஒரு அக்கவுன்ட் என்றால் அக்கவுன்டுக்கு ஒரு ப்ரொவைடர் அமைப்பு வேண்டும். ஃபார்-ஈச்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு ப்ரொவைடரைக் கொடுக்க டெராஃபார்ம் விடாது. ப்ரொவைடரை மாட்யூலுக்குள்ளேயே எழுதிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால், அப்படிப்பட்ட மாட்யூலுக்குக் கவுன்டும் கிடையாது, ஃபார்-ஈச்சும் கிடையாது. இன்னொரு தொல்லையும் உண்டு: ஒரு வாடிக்கையாளர் போனபின் அந்த மாட்யூல் அழைப்பை நீக்கினால் ப்ரொவைடரும் சேர்ந்து போய்விடும், ரிசோர்ஸை அழிக்கவே வழியிருக்காது. 2023-இல் டெராஃபார்மின் லைசென்ஸ் மாறியபோது அதிலிருந்து பிரிந்துபோன ஓபன்டோஃபுவில், 1.9-இலிருந்து ப்ரொவைடருக்கே ஃபார்-ஈச் உண்டு. அங்கே லீட் கேட்பது நடக்கும்.

நடந்தாலும் நான் செய்ய மாட்டேன். ஒரே ஸ்டேட் என்றால் ஒரே பூட்டு. ஒரு ஆஸ்பத்திரிக்கு அவசர அப்ளை ஓடும்போது இன்னொரு ஆஸ்பத்திரியைத் தொட முடியாது. ஒரு அக்கவுன்டில் ரோல் அனுமதி கெட்டுப்போனால் எல்லோருடைய பிளானும் சிவப்பு. புது மாட்யூல் வெர்ஷனை ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கொண்டுபோகவும் முடியாது, ஏனென்றால் ஒரு மாட்யூல் அழைப்பில் சோர்ஸ் ஒன்றுதான்.

ஃபோல்டர் இருக்கட்டும். அதற்குள் மூன்று மாட்யூல் அழைப்பும், பேக்எண்டும் (ஸ்டேட் இருக்கும் இடம்), ஒரு டிஎஃப்வார்ஸ் (வேரியபிள் மதிப்புகள்) ஃபைலும் மட்டும் இருந்தால் அறுபது எழுபது வரியில் முடிந்துவிடும், அதைக் காப்பி எடுப்பதில் தவறில்லை. டெமோவை முடித்ததும் நேரலையில் மிகச் சின்ன ஆஸ்பத்திரியை எடுங்கள். மூவ்ட் பிளாக்குகளை அதன் ரூட்டிலேயே விட்டுவையுங்கள், எல்லா ஃபோல்டரும் நகரும்வரை நீக்க வேண்டாம். அந்தப் பிளானில் ஏதாவது உறுத்தினால் அக்கவுன்ட் எண், ஐடிகளை அழித்துவிட்டு இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.